10 வாரக் குஞ்சுகள் கம்பில் ஏறி அடைய மறுக்கின்றன: மலைக் குளிரில் எப்படிப் பழக்குவது?

கோத்தகிரித் தேயிலைச்சரிவு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு சிற்றூரில் நாங்கள் குடியிருக்கிறோம். செப்டம்பர் மாதக் கடைசியில் மேட்டுப்பாளையத்திலிருந்து, பொரித்து ஒரு நாளே ஆன நாட்டுக்கோழிக் குஞ்சுகள் 16 வாங்கி வந்தோம். அவை இயந்திரத்தில் பொரித்தவை. தாய்க்கோழியின் சிறகுச் சூட்டை அவை அறிந்ததில்லை. தகரத் தடுப்புக்குள் நெல் உமி பரப்பி, மேலே 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டு, முதல் வாரம் 35 டிகிரி வெப்பம் இருக்கும்படியும், அதன்பின் வாரத்துக்கு ஏறத்தாழ 3 டிகிரி குறையும்படியும் பல்பைச் சிறிது சிறிதாக உயர்த்தி வளர்த்தோம். முதல் வாரத்திலேயே இரண்டு இறந்துவிட்டன. மீதி 14 குஞ்சுகளும் நன்றாகத் தேறி, ஆறாவது வாரம் முடிவதற்குள் உடல் முழுவதும் இறகு மூடிவிட்டதால், எட்டாவது வாரத்தில் அவற்றை வெளிக்கூட்டுக்கு மாற்றினோம்.

கூட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 8 அடி நீளம், 5 அடி அகலம், மரப்பலகைச் சுவர், தகரக் கூரை. ஈரம் ஏறாமலிருக்க மண்ணிலிருந்து 2 அடி உயர்த்திக் கட்டியிருக்கிறோம். உள்ளே, கூட்டின் தரையிலிருந்து 3 அடி உயரத்தில், கோழிகள் உட்கார்வதற்காக இரண்டு குறுக்குக் கம்புகள் பொருத்தியிருக்கிறோம். தண்ணீர் இணைப்புக்கு வாங்கியதில் மிஞ்சிய இரும்புக் குழாய்களையே அதற்குப் பயன்படுத்தினோம். பின்சுவரை ஒட்டி முட்டையிடும் பெட்டிகள் மூன்று இருக்கின்றன.

இரண்டு வாரம் ஆகியும் ஒரு குஞ்சுகூட அந்தக் கம்புகளில் ஏறவில்லை. மாலையில் கூட்டுக்குள் போகவே அவற்றுக்கு மனமில்லை. வேலிக் கம்பியை ஒட்டி நின்று, இருட்டும் வரை கீச்சிட்டுக்கொண்டே இருக்கின்றன. நானும் என் மகளும் ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே விட வேண்டியிருக்கிறது. உள்ளே விட்டதும் முட்டைப் பெட்டிகளுக்கு அடியில் உள்ள மூலைக்கு ஓடி, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குவியலாகப் படுத்துக்கொள்கின்றன. எங்கள் பகுதியில் இப்போது இரவு வெப்பம் 10 டிகிரியை ஒட்டி இறங்குவதால், குளிருக்காக அப்படிச் செய்கின்றன என்று எண்ணி விட்டுவிட்டேன். ஆனால் சென்ற செவ்வாய்க்கிழமை காலை கதவைத் திறந்தபோது, குவியலின் அடியிலிருந்த ஒரு பெட்டைக்குஞ்சு நசுங்கி இறந்து கிடந்தது. முந்தைய நாள் மாலை வரை நன்றாக மேய்ந்துகொண்டிருந்த குஞ்சு அது. அன்றிலிருந்து இரவில் இரண்டு முறை எழுந்து போய்ப் பார்க்கிறேன், மனம் கேட்கவில்லை.

என் மாமியார் அன்னூர்ப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர் வீட்டில் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தால் கவிழ்த்து மூடிவைப்பார்களாம். குஞ்சுகள் வளர்ந்ததும் தாயின் பின்னாலேயே முருங்கை மரத்தில் ஏறி அடையத் தொடங்கிவிடும் என்கிறார். எங்கள் குஞ்சுகளுக்கு அப்படி ஏறிக் காட்டத் தாய் இல்லை. கம்பில் ஏறி அடைவதற்கு இந்த வயது போதாதா? கையால் தூக்கி வைத்துப் பழக்கலாமா, அல்லது தாமாக ஏறும் வரை காத்திருக்க வேண்டுமா? மலைப்பகுதியில் வளர்த்து அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

பண்ணைக்காட்டுக் காப்பித்தோட்டம் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். குஞ்சு இறந்ததைப் படித்து வருந்தினேன். என் தோட்டத்திலும் பல ஆண்டுகளுக்கு முன் இதே போல, ஒரே இரவில் மூன்று குஞ்சுகளை இழந்திருக்கிறேன். எனவே கம்பைப் பற்றிப் பேசுவதற்கு முன், இன்றைக்கே செய்ய வேண்டிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முட்டைப் பெட்டிகளுக்கு அடியில் உள்ள இடைவெளியைப் பலகை வைத்து முழுவதும் அடைத்துவிடுங்கள். மற்ற மூலைகளில் வளைத்த தகரத்தையோ மூங்கில் தட்டியையோ நிறுத்தி, கூர்மூலை எதுவும் இல்லாமல் வளைவாக்கிவிடுங்கள். மூலையில் அகப்பட்ட குஞ்சுக்குப் பின்னால் நகர இடமில்லை, மேலே ஏறும் குஞ்சுகளோ நிற்பதில்லை; மூச்சுத் திணறல் அப்படித்தான் நேர்கிறது. சுவர் வளைவாக இருந்தால் நெருக்கம் பக்கவாட்டில் பரவிவிடும். மாலையில் முட்டைப் பெட்டிகளின் வாயையும் சாக்குத் துணியால் மூடிவையுங்கள். பெட்டிக்குள் தூங்கிப் பழகிய விடைக்கோழி பிற்பாடு அங்கேயே எச்சமிட்டு முட்டைகளை அழுக்காக்கும். அந்தப் பழக்கத்தை மாற்றுவது கடினம்.

அவை குவிவதைப் பிடிவாதம் என்று கொள்ள வேண்டாம். பிறந்ததிலிருந்து அவை அறிந்த வெப்பம் பல்பு ஒன்றுதான். அது போனபின் அவற்றுக்கு எஞ்சியிருப்பது ஒன்றின் உடல் சூடு மற்றொன்றுக்கு என்பதே. தாயோடு வளரும் குஞ்சுகளின் கதை வேறு. தாய்க்கோழி ஐந்து முதல் எட்டு வாரம் வரை குஞ்சுகளைச் சிறகுக்குள் வைத்துத் தரையிலேயே படுக்கும். பிறகு ஒருநாள் மாலை அது திடீரென்று மேலே ஏறி, அங்கிருந்து குரல் கொடுக்கும். குஞ்சுகள் கீழே நின்று சிறிது நேரம் அழுதுவிட்டு, ஒவ்வொன்றாகத் தாவி ஏறித் தாயின் இரு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். அந்தக் காட்சியை நான் ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன். இன்னும் எனக்கு அது சலிக்கவில்லை. உங்கள் குஞ்சுகளுக்குக் குரல் கொடுக்க யாரும் இல்லை என்பதால், அந்த வேலையை உங்கள் கைகள் செய்ய வேண்டும். ஆகவே தூக்கி வைத்துப் பழக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், கட்டாயம் பழக்குங்கள் என்பதுதான். 10 வாரம் போதுமான வயது. நாட்டுக்குஞ்சுகள் நான்கு, ஐந்து வாரத்திலேயே கல், கட்டை எது கிடைத்தாலும் ஏறி உட்காரத் தொடங்கிவிடும்.

ஆனால் தூக்கி வைப்பதற்கு முன் கம்பு சரியாக இருக்க வேண்டும். இரவு 9 மணிக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த இரும்புக் குழாயின் மேல் உங்கள் வெறுங்காலை இரண்டு நிமிடம் வைத்துப் பாருங்கள். மலைக் குளிரில் இரும்பு, காலின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதோடு குழாய் வழுவழுப்பாகவும் உருண்டையாகவும் இருப்பதால் விரல்களுக்குப் பிடிப்பும் கிடைக்காது. அதை எடுத்துவிட்டு மரம் பொருத்துங்கள். எங்கள் பக்கத்தில் காப்பிக்கு நிழலாக வளர்க்கும் சில்வர் ஓக் கிளைகளைப் பயன்படுத்துகிறோம். உங்கள் பக்கத்தில் சீகை மரம் எளிதாகக் கிடைக்கும். 2 அங்குல அகலம் இருக்கட்டும். மேற்புறம் தட்டையாகவும் ஓரங்கள் மட்டும் மழுங்கியும் இருந்தால், கோழி உட்காரும்போது அதன் விரல்கள் முழுவதையும் மார்பு இறகுகள் மூடிக்கொள்ளும். குளிர்ப் பகுதியில் இது பெரிய வசதி. பட்டையை உரித்துவிட வேண்டும். பட்டைக்கு அடியில் உள்ள இடுக்குகளில்தான் இரத்தம் உறிஞ்சும் சிவப்புப் பேன்கள் பகலில் ஒளிந்திருந்து, இரவில் வெளியே வந்து கோழிகளைக் கடிக்கும். பழகிய கோழிகள்கூடத் திடீரென்று கம்பை வெறுத்துத் தரையில் படுத்தால், முதலில் ஐயுற வேண்டியது இந்தப் பேனைத்தான். இருட்டியபின் ஒரு வெள்ளைத் துணியால் கம்பின் அடிப்புறத்தைத் துடைத்துப் பார்த்தால், துணியில் படியும் சிவப்புக் கறை காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது உயரம். பழகாத குஞ்சுக்கு 3 அடி மிக அதிகம். எப்படியாவது ஏறிவிட்டாலும், 5 அடி அகலமே உள்ள கூட்டில் அங்கிருந்து சரிந்து இறங்க இடம் போதாமல் நேராகக் கீழே விழுந்து அடிபடும். கோழியின் மார்பெலும்பின் நுனி பல மாதங்கள் வரை குருத்தெலும்பாகவே இருப்பதால், இளம் வயதில் படும் அடி அதை வளைத்துவிடக் கூடும். முதல் கம்பை 1 அடி உயரத்திலும், இரண்டாவதை 2 அடி உயரத்திலும், மாடிப்படி போல ஒன்றுக்குப் பின் ஒன்றாக அமையுங்கள். ஒன்றுக்கு நேர் மேலே மற்றொன்று இருந்தால் கீழே இருப்பவற்றின் மேல் எச்சம் விழும். முட்டைக்கோழிகளுக்காக ஐரோப்பிய ஒன்றியம் 1999-இல் வகுத்த விதிகளில், கோழி ஒன்றுக்குக் கம்பில் 15 செ.மீ. இடமும், இரு கம்புகளுக்கு இடையில் கிடையாக 30 செ.மீ.-யும், கம்புக்கும் சுவருக்கும் இடையில் 20 செ.மீ.-யும் குறைந்த அளவாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. நான் வளர்ந்த கோழி ஒன்றுக்கு 20 முதல் 25 செ.மீ. வரை கொடுக்கிறேன். உங்கள் கூட்டின் 8 அடி நீளத்துக்கு இரண்டு கம்புகள் போட்டால், இப்போதுள்ள 13-க்கும் அவை வளர்ந்த பிறகும் தாராளமாகப் போதும்.

பழக்கும் முறை இதுதான். பகலில் மேய்ச்சல் இடத்திலும் ஒரு கட்டையைத் தாழ்வாக நிறுத்தி, அதன் மேல் ஏறினால் மட்டும் எட்டும்படி ஒரு கீரைக்கட்டைத் தொங்கவிடுங்கள். கால் பிடித்து நிற்கும் திறமை பகலில் விளையாட்டாக வர வேண்டும். இரவில் பயத்தோடு வராது. மாலையில் நன்றாக இருட்டி அரை மணி நேரம் ஆனபின் ஒரு சிறிய டார்ச்சோடு உள்ளே போங்கள். கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. அது நமக்கு உதவியான நேரம். இரண்டு கைகளாலும் சிறகோடு சேர்த்து அணைத்துத் தூக்கி, கம்பின் மேல் வைத்து, கால்விரல்கள் பற்றிக்கொண்டு உடல் தாழ்ந்து உட்காரும் வரை கையை எடுக்காமல் இருங்கள். முதல் குஞ்சை நடுவில் வைத்து, அடுத்தடுத்தவற்றை அதன் உடலோடு ஒட்டினாற்போல வையுங்கள். குவியலில் கிடைத்த சூடு அவற்றுக்குக் கம்பிலும் கிடைக்க வேண்டும். இறங்கிவிட்டால் ஒருமுறை மட்டும் திரும்ப ஏற்றுங்கள். அதற்கு மேல் துரத்தினால் கூடே பயத்துக்குரிய இடமாகிவிடும். ஏழு முதல் பத்து இரவுகள் ஆகலாம்.

ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. குஞ்சுகளை இரு பிரிவாக்கி, ஒன்றுக்குப் பிறந்த நாளிலிருந்தே ஏறும் கம்புகளைக் கொடுத்தார்கள். மற்றதற்கு எட்டு வாரம் வரை கொடுக்கவில்லை. 16 வார வயதில் தீனியை உயரமான தட்டுகளில் வைத்துச் சோதித்தபோது, உயரமும் சிக்கலும் கூடக் கூட, கம்பு இல்லாமல் வளர்ந்தவை மிகவும் தடுமாறின. வேறுபாடு காலின் வலிமையில் இல்லை என்றும், மேல் கீழ் என்ற இடத்தை மனத்தால் கணிக்கும் திறனில் இருந்திருக்க வேண்டும் என்றும் அவர்கள் கருதினார்கள். அடுத்த முறை குஞ்சு வாங்கும்போது, இரண்டாவது வாரத்திலேயே தகரத் தடுப்புக்குள் விரல் பருமனில் ஒரு குச்சியை 2 அங்குல உயரத்தில் வைத்துவிடுங்கள். உங்கள் ஊரில் கவாத்து செய்த தேயிலைக் குச்சிகளுக்கா பஞ்சம்?

ஒரு கேள்வி மட்டும். கூட்டின் சன்னல் எந்த உயரத்தில், எந்தத் திசையில் இருக்கிறது?

குன்னூர் வாசகி எழுதியது:

நான் சற்று மாறுபடுகிறேன். உமி காய்ந்தும் கனமாகவும் இருந்தால், நான்கு மாதம் வரை கோழிகள் தரையில் படுப்பதால் தீங்கு ஒன்றும் இல்லை என்பது என் அனுபவம். என்னிடம் இப்போது இருக்கும் 9 கோழிகளும் அப்படி வளர்ந்து, முட்டையிடத் தொடங்கும் வயதில் தாமாகவே கம்பில் ஏறியவைதான். ஒவ்வொரு இரவும் தூக்கி வைப்பதைவிட, பக்கத்து வீட்டிலிருந்து சாதுவான, வளர்ந்த பெட்டைக்கோழி ஒன்றை வாங்கி உள்ளே விட்டால், அது ஏறுவதைப் பார்த்து இவையும் ஏறிவிடும். அக்காவின் மாமியார் சொன்னதும் அதுதானே.

கோத்தகிரித் தேயிலைச்சரிவு எழுதியது:

இருவருக்கும் நன்றி. பண்ணைக்காட்டு ஐயா சொன்னபடி நேற்று மாலையே பெட்டிகளின் அடியைப் பலகையால் அடைத்துவிட்டோம். மூலைகளுக்குப் பழைய தகரத்தை வளைத்து வைத்தார் என் கணவர். இரவு பார்த்தபோது, ஒரே குவியலாக இல்லாமல் சுவரோரமாக நீளவாக்கில் படுத்திருந்தன. இரவு 9 மணிக்குக் குழாயின் மேல் கால் வைத்தும் பார்த்தேன். ஒரு நிமிடம்கூட வைத்திருக்க முடியவில்லை. இத்தனை நாள் அதில் ஏறச் சொல்லித்தான் அவற்றை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

சன்னல் பள்ளத்தாக்கைப் பார்த்த சுவரில், தரையிலிருந்து 3 அடி உயரத்தில், அதாவது கம்புகளுக்கு நேராகவே இருக்கிறது. காற்று அதிகம் வருவதால் ஒரு மாதமாகச் சாக்கு வைத்து முழுவதும் மூடியிருக்கிறேன். வேறு திறப்பு இல்லை. காலையில் கதவைத் திறந்தால் தகரக் கூரையின் உள்பக்கமெல்லாம் நீர்த்துளிகள் நிற்கின்றன. சில துளிகள் கம்புகளின் மேலேயே சொட்டுகின்றன. கண்ணை எரிக்கும் வாடையும் இருக்கிறது. இன்னொன்றையும் கவனித்தேன். மாலை 5:30 மணிக்கு முற்றத்தில் நல்ல வெளிச்சம் இருக்கும்போதே கூட்டின் உள்ளே முழு இருட்டாக இருக்கிறது. குஞ்சுகள் உள்ளே போக மறுப்பதற்கு இதுவும் காரணமாக இருக்குமா?

தலைகுந்தா காரட் தோட்டம் எழுதியது:

அம்மா, நீங்கள் கடைசியாக எழுதிய நான்கு வரிகளில்தான் பெரும்பாலான காரணம் இருக்கிறது.

தலைகுந்தாவில் டிசம்பர், சனவரி மாதங்களில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். உங்கள் ஊரைவிட எங்களுக்குக் குளிர் கடுமை. ஆயினும் என் கூட்டை நான் ஒருபோதும் முழுவதும் மூடியதில்லை. இறகு மூடிய கோழி வறண்ட குளிரைத் தாங்கிவிடும், ஈரத்தைத்தான் தாங்காது. 13 பறவைகள் இரவெல்லாம் விடும் மூச்சிலும் எச்சத்திலும் உள்ள ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே எழுந்து, குளிர்ந்த தகரத்தில் பட்டுத் துளியாகி, உங்கள் குஞ்சுகளின் முதுகில் விழுகிறது. கண்ணை எரிப்பது எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா. அது மனிதரின் கண்ணில் உறைக்கும் அளவுக்கு வந்துவிட்டால், கோழியின் மூச்சுக்குழாய்க்கு ஏற்கெனவே கெடுதல் தொடங்கிவிட்டது என்று பொருள்.

கம்புக்கு நேரே உள்ள சன்னலை மூடியது சரிதான்; அந்த உயரத்தில் காற்று வீசினால் எந்தக் கோழியும் அங்கே தங்காது. அதற்குப் பதிலாக, கூரைக்குச் சற்றுக் கீழே, கோழிகளின் தலைக்கு நன்றாக மேலே, எதிரெதிரான இரண்டு சுவர்களிலும் 4 அங்குல அகலத்தில் நீளமான திறப்பு விட்டு, அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு கம்பிவலை அடித்துவிடுங்கள். இறவாரம் வெளியே நீண்டிருந்தால் சாரல் உள்ளே வராது. திறப்பு சரியாக அமைந்திருக்கிறதா என்று அறிய, கோழிகள் வெளியே மேயும் நேரத்தில் கம்பின் உயரத்தில் ஓர் ஊதுவத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை நிதானமாக மேலே எழுந்து திறப்பு வழியாகப் போக வேண்டும். பக்கவாட்டில் சாய்ந்து ஓடினால் கம்பின் மீது காற்று அடிக்கிறது என்று கண்டுகொள்ளலாம். தகரத்துக்கு அடியில் ஒரு சாண் விட்டு மூங்கில் தட்டி ஒன்றைக் கட்டினால், சொட்டும் நீர் கோழிகளின் மேல் விழாது. இந்த இரண்டையும் செய்த பிறகு உமியை முழுவதுமாக மாற்றி, 3 அங்குல கனத்துக்குப் புதிதாகப் போட்டு, நாள்தோறும் ஒருமுறை கிளறிவிடுங்கள். குன்னூர்ச் சகோதரி சொல்வது காய்ந்த தரையில் சரியாக இருக்கும். இந்தப் பனிக்காலத்தில், ஈரம் கோத்த உமியில் இளங்குஞ்சுகள் படுத்தால் இரத்தக் கழிச்சல் வந்துவிடும் என்பதால், நான் பண்ணைக்காட்டு ஐயாவின் பக்கமே நிற்கிறேன்.

வெளிச்சம் பற்றிய உங்கள் ஐயம் மிகச் சரியானது. கண் பழகாத இருட்டுக்குள் கோழி நுழையாது. 5 வாட் எல்இடி பல்பு ஒன்றை உள்ளே பொருத்தி, மாலை 5:15-க்குப் போட்டுவிடுங்கள். அன்றைய கடைசித் தீனியை முற்றத்தில் போடாமல் கூட்டுக்குள் மட்டுமே, ஒரே குரலில் அழைத்துப் போடுங்கள். கேழ்வரகோ உடைத்த மக்காச்சோளமோ ஒரு கைப்பிடி போதும். இரைப்பை நிறைந்த கோழி இரவில் குளிரை நன்றாகத் தாங்கும். எல்லாம் உட்கார்ந்தபின் விளக்கை அணையுங்கள். பாதி ஏறும்போது அணைத்துவிட்டால், மீதி இருக்குமிடத்திலேயே நின்றுவிடும். 10 வாரக் குஞ்சுக்கு வெப்ப பல்பு வேண்டியதில்லை. குளிருக்காகக் கரித்தணல் பானையை உள்ளே வைக்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் சிலரிடம் உண்டு. மூடிய கூட்டில் அதன் புகை உயிரை எடுத்துவிடும். உமியில் ஒரு பொறி விழுந்தாலும் எல்லாம் போய்விடும். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

வளர்ந்த கோழியைக் கொண்டுவரும் யோசனை நல்லதுதான். ஆனால் வெளியிலிருந்து வரும் கோழியை மூன்று வாரம் தனியாக வைத்துப் பார்க்காமல் குஞ்சுகளோடு விடக் கூடாது. வெள்ளைக்கழிச்சல் எப்படி வீட்டுக்குள் வருகிறது என்று கேட்டால், பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. சேர்த்த பிறகும் மேல் கம்பைப் பெரிய கோழி பிடித்துக்கொண்டு குஞ்சுகளைக் கொத்தும் என்பதால், அவற்றுக்கென்று கீழ்க் கம்பு தனியாக இருக்க வேண்டும்.

கூடலூர் வாசகர் எழுதியது:

ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். மாலையில் குஞ்சுகள் கூட்டுக்கு வெளியே நிற்பதை இன்னும் சில வாரங்களுக்கு விட்டுவைத்தால், அவை மரத்தில் ஏறி அடையப் பழகிவிடும். எங்கள் தோட்டத்தை ஒட்டிய காட்டில் சாம்பல் காட்டுக்கோழிகள் மூங்கில் புதரிலும் மரத்திலும்தான் இரவைக் கழிக்கின்றன. நம் நாட்டுக்கோழிக்கும் அந்த இயல்பு போய்விடவில்லை. ஆனால் மரநாய் மரம் ஏறும். என் பலாமரத்தில் அடைந்த ஐந்து கோழிகளில் நான்கை அது ஒரே வாரத்தில் கொண்டுபோயிற்று. மரத்துக்குப் பழகிய கோழியைத் திரும்பக் கூட்டுக்குக் கொண்டுவர, இரண்டு வாரம் கூட்டுக்குள்ளேயே அடைத்துவைத்துத் தீனி போட்டேன்.

கம்பை வலைக்கு ஒட்டினாற்போல வைக்க வேண்டாம். வலையோரம் உட்கார்ந்த கோழியின் காலையோ தலையையோ மரநாய் வெளியிலிருந்து இழுத்துவிடும். கதவுக்கு வெறும் கொக்கி போதாது. தாழ்ப்பாள் போட்டு அதில் ஒரு கம்பியையும் செருகுங்கள். உங்கள் கோத்தகிரிப் பக்கத்தில் கரடி நடமாட்டமும் உண்டு என்பதால், தீனி மூட்டையைக் கூட்டுக்குள்ளோ அதன் அருகிலோ இரவில் வைக்காதீர்கள்.

கோத்தகிரித் தேயிலைச்சரிவு எழுதியது:

அனைவருக்கும் மீண்டும் வணக்கம். 14 நாட்கள் கழித்து எழுதுகிறேன். இதுவரை நடந்ததைச் சொன்னால், எங்களைப் போலத் தொடங்குபவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

முதல் இரண்டு நாட்கள் கூட்டு வேலையிலேயே கழிந்தன. குழாய்களைக் கழற்றிவிட்டு, பட்டை உரித்த சீகைக் கம்புகளை 1 அடியிலும் 2 அடியிலும் பொருத்தினோம். கூரைக்குக் கீழே இருபுறமும் திறப்பு வெட்டி வலை அடித்தோம். முதலில் வெட்டிய திறப்பில் ஊதுவத்திப் புகை கம்பின் மேலேயே சாய்ந்து ஓடியது. பள்ளத்தாக்குப் பக்கத்துத் திறப்பின் கீழ்ப்பாதியைப் பலகையால் மறைத்தபின் நேராக எழுந்தது. மூங்கில் தட்டி கிடைக்காததால், சாக்குகளைத் தைத்து உள்கூரையாகக் கட்டியிருக்கிறோம். மூன்றாம் நாள் காலையில் கண் எரிச்சல் இல்லை. சாக்கின் கீழ்ப்புறம் காய்ந்திருந்தது.

முதல் இரவு 13-ஐயும் தூக்கி வைத்தேன், ஒன்பது இறங்கிவிட்டன. இரண்டாவது முறை வைத்ததும் விளக்கை அணைத்துவிட்டு வந்துவிட்டேன். காலையில் நான்கு மட்டும் கம்பில் இருந்தன. அடுத்த இரவுகளில் அது ஆறாகி, மீண்டும் ஐந்தாகி, பிறகு எட்டானது. கடும் மழை பெய்த ஓர் இரவில் எல்லாமே இறங்கிச் சுவரோரம் படுத்துவிட்டன. அன்று என் மகள் அழுதுவிட்டாள். உள்ளே விளக்கும் தீனியும் வைத்த ஐந்தாம் நாளிலிருந்து, மாலையில் அவற்றைப் பிடிக்க வேண்டிய வேலை இல்லை. மாமியார் குரல் கொடுத்தால் வரிசையாக உள்ளே போய்விடுகின்றன. எட்டாம் நாள் மாலை, செம்மறைச் சேவல்குஞ்சு ஒன்று யாரும் தூக்காமலே கீழ்க் கம்பில் ஏறியது. சிறிது நேரம் தடுமாறி நின்றுவிட்டு அங்கிருந்து மேல் கம்புக்கும் போயிற்று. அதைப் பார்த்து இரண்டு பெட்டைகள் ஏறின. நாங்கள் மூவரும் கதவுக்கு வெளியே அசையாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்போது 12 குஞ்சுகள் தாமாகவே ஏறி அடைகின்றன. இருட்டத் தொடங்கியதும் இடத்துக்காகச் சற்றுத் தள்ளுமுள்ளு நடக்கிறது. ஆறே கால் மணிக்குள் எல்லாம் அமைதியாகிவிடுகின்றன. சாம்பல் நிறப் பெட்டை ஒன்று மட்டும் இன்னும் கீழ்க் கம்பின் அடியில் போய் நின்று, மேலே பார்த்துக் கீச்சிடுகிறது. தூக்கி வைத்தால் இறங்காமல் விடியும் வரை இருக்கிறது. தானாக ஏறத்தான் துணியவில்லை. அதன் இரு கால்களையும் பார்த்தேன், காயமோ வீக்கமோ இல்லை. அதற்காக, கம்புக்கு முன்னால் அரை அடி உயரத்தில் ஒரு மரக்கட்டையைப் படி போல இன்று மதியம் வைத்திருக்கிறோம். மாலையில் அது அந்தக் கட்டை வரை ஏறி நின்றது. மீதி அரை அடிக்கு நான் தூக்கி வைத்தேன், நாளையும் வைப்பேன்.